சைமா எடுத்துப்போன கற்கள்

"நெலத்தத்தான்டி மாத்திக் குடுத்தேன். கல்ல மாத்திக் குடுக்கல" என்றாள் சைமா. வயலின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் குவிந்து கிடந்த கற்களின் உச்சியில் ஏறி நின்றுகொண்டு சொன்னாள். அவ்வளவு உயரத்திலிருந்து பேசினால் எதுவுமே நியாயமாகத்தான் கேட்கும்.

கீழே அவளுடைய ஓரகத்தி ஹில்யா, மாவு படிந்த கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னாள். "நெலத்துல கெடக்கிறது நெலத்தோட சேர்ந்ததுதானே அக்கா. மரத்தப் பேத்து எடுத்துட்டா போனீங்க?"

"மரம் தானா மொளைச்சது. இந்தக் கல்லு தானா நடந்து வந்து ஏறி உக்காந்துச்சா? ஒவ்வொண்ணையும் குனிஞ்சு பொறுக்கினவ நான். என் முதுகக் கேட்டுப் பாரு."

"நாங்க கேக்கவே வேணாம். அதுதான் தெனமும் உங்க வாய் வழியாப் பேசிட்டிருக்கே."

சாலைக்கு இந்தப் பக்கம் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு சட்டையைக் கொடியில் போட இவ்வளவு நேரம்தான் ஆகவேண்டும் என்று எங்கும் சட்டம் இல்லை. ஈர நிலத்தின் மேல் குரல் நன்றாக மிதந்து வரும். பனி உருகி முடிந்த மே மாதத்தில் அந்தப் பள்ளத்து வயலில் யாராவது தும்மினால்கூட எங்கள் வீட்டு நாய் காதைத் தூக்கும்.

அவர்கள் இருவரும் கற்களுக்காகச் சண்டை போடவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அந்த நேரத்தில் ஹில்யாவின் அடுப்படியில் ஜோரி ட்ரெம்பாத் என்ற கொத்தனார் உட்கார்ந்து, இரண்டாவது கோப்பைக் காபியில் ஏலக்காய் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். சண்டை அவருக்காக.

சிகாகோக்காரர் ஒருவர் சுப்பீரியர் ஏரிக்கரையில் கோடை வீடு கட்டுகிறார். கூடத்தில் தரையிலிருந்து கூரை வரை உருண்டைக் கல்லால் கணப்புச் சுவர் வேண்டுமாம். ஊரில் எல்லோரும் கல்லை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று தவிக்க, அதை வீட்டுக்குள் வைக்கக் கூலி கொடுக்கும் ஜாதி அது. அந்த வேலைக்குக் கல் தேடித்தான் ஜோரி வந்தார். கார்ன்வால் சீமையிலிருந்து வந்த சுரங்கக்காரர் வம்சம், மெதடிஸ்ட் கோயில், நாற்பது ஆகவில்லை, குடிப்பதில்லை, பல் எல்லாம் சொந்தப் பல். பின்லாந்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களின் சாலையில் இப்படி ஒரு கல்யாணமாகாத ஆண் வந்து இறங்கினால், அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம்.

சைமாவுக்கு ஒரே மகள், லூலி. முப்பதைத் தொடப்போகிறாள். தோள் அகலம்; அப்பாவைப் போல வார்த்தைச் சிக்கனம். ஹில்யாவின் வீட்டில் அவளுடைய தங்கை இம்பி இருந்தாள். ஹான்காக் டவுனில் தொப்பிக் கடையில் வேலை பார்த்துவிட்டு, கடை மூடியதும் அக்காவிடம் வந்தவள். விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும். கல் யாருடையதோ அவர் வீட்டு மேசையில்தான் கொத்தனார் வாரக்கணக்கில் சாப்பிடுவார். அவர் எதிரே உட்கார்ந்து கோப்பையை நிரப்பப்போவது லூலியா, இம்பியா என்பதுதான் அந்தக் கற்குவியலின் மேல் நடந்த வழக்கு.

இதற்கு மூலம் மண். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சைமாவின் புருஷன் நெஸ்டரும் ஹில்யாவின் புருஷன் ஆர்விட்டும் அண்ணன் தம்பி. அப்பா இறந்தபோது, அண்ணன் நெஸ்டருக்குப் பள்ளத்து வயல் வந்தது, தம்பி ஆர்விட்டுக்கு மேட்டு நிலம். வீடுகள் இரண்டும் சாலையோரம் பக்கத்துப் பக்கத்தில். மேடு வெறும் மணல்; மழை பெய்து முடித்து நீங்கள் தொப்பியைக் கழற்றி உதறுவதற்குள் நீர் உள்ளே போய்விடும். பள்ளத்து வயல் அப்படி இல்லை. ஒரு காலத்தில் பெரிய பனிப்பாறை உருகி ஓடிய நீர் கொண்டுவந்து கொட்டிய மணலும் சரளையும்தான் அதுவும். ஆனால் தலையளவு உருண்டைக் கற்கள் கலந்தது, தாழ்வானது. நிலத்தடி நீர் பனி உருகும் காலத்தில் ஏறி வந்து, கணுக்கால் புதையும் ஆழத்திலேயே நின்றுகொண்டு, போக மனமில்லாத விருந்தாளி மாதிரி ஜூன் வரை இருக்கும். ஜூலையில் போய்ப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலக் காய்ந்திருக்கும். அதை நம்பித்தான் கிழவர் வாங்கியிருக்கிறார்.

கல்லோ முடிவதே இல்லை. குளிர்காலத்தில் ஈரமண் உறைந்து வீங்கும்போது கல்லையும் சேர்த்துத் தூக்கும். உருகும்போது மண் கல்லுக்கு அடியில் போய் அடைத்துக்கொள்ளும். கல் திரும்ப இறங்க வழியில்லை. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, ஒரு மே மாதம் மொட்டைத் தலையை வெளியே நீட்டும். போன வருடம் சுத்தமாகப் பொறுக்கிய இடத்தில் இந்த வருடம் புதிதாக ஒரு கூட்டம். சைமாவும் லூலியும் குனிந்தால் நிமிர ஒரு வாரம் ஆகும். பொறுக்கிய கல்லைச் சக்கரமில்லாத சறுக்குப் பலகையில் ஏற்றி, குதிரையைப் பூட்டி இழுத்துப்போய் நடுவில் குவிப்பார்கள். வயல் ஓரத்து ஆல்டர் புதரை வெட்டி அந்தக் குவியலின் மேலேயே போட்டு வருடா வருடம் கொளுத்துவாள் சைமா. ஒரே தீயில் புதரும் ஒழியும், கோபமும் கொஞ்சம் ஆறும்.

அந்தப் புகைக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால், மேட்டில் ஹில்யாவின் பட்டாணி ஒரு சாண் வளர்ந்திருக்கும். ஹில்யா வெள்ளை ஏப்ரனோடு வரப்பில் நின்று கை அசைப்பாள். நல்லெண்ணத்தில்தான் அசைத்தாளா என்று என்னைக் கேட்டால், ஏப்ரனைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக்கொண்டு வயலுக்கு வருகிற பொம்பளையின் எண்ணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

சைமாவுக்கு வயிறு எரிந்தது. மாவட்ட வேளாண்மை அலுவலரை வரவழைத்தாள். அவர் துளைக்கருவியைத் திருகி மண்ணைப் பலகையில் வரிசையாக வைத்துக் காட்டினார். மேலே கறுப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறம், அதில் பழைய ஆணி போலத் துருப் புள்ளிகள். இந்தத் துரு எந்த மட்டத்தில் தொடங்குகிறதோ அந்த மட்டம் வரை வருடா வருடம் தண்ணீர் ஏறும், இப்போது காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்றார். உருளைக்கிழங்கு போட்டால் அழுகும், புல் போட்டால் பிரமாதமாக வரும், வறட்சியிலும் பச்சை போகாது, மாட்டுக்கு இதைவிட நல்ல நிலம் கிடையாது என்றும் சொன்னார். சைமா துரு வரைக்கும்தான் கேட்டாள். அன்று மாலையே தொலைபேசியில் தன் தங்கையைக் கூப்பிட்டு, என் புருஷனுக்கு அப்பன் கொடுத்தது துருப்பிடித்த நிலம் என்று அழுதாள். எங்கள் சாலையில் எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பி. நான் தற்செயலாகத்தான் எடுத்தேன், ஹில்யாவும் தற்செயலாகத்தான் எடுத்திருந்தாள். கம்பியில் கடிகாரம் அடிப்பது கேட்டது, அது ஹில்யா வீட்டுக் கடிகாரம்.

அலுவலர் பேசியபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஹில்யா கேட்டது புல் வரைக்கும். அவளுக்கும் ஒரு எரிச்சல் இருந்தது. ஆகஸ்டில் மேடு கருகி, அவளுடைய மாடுகள் வேலியோரம் நின்று சைமாவின் மாடுகள் முழங்கால் புல்லில் மேய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாட்டின் கண்ணில் தெரிந்தது அவள் கண்ணிலும் தெரியும். வெண்ணெய்ப் பண்ணையில் சைமாவின் பாலைப் பாராட்டியது ஹில்யாவுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்கத் தொண்டையில் நின்றது.

ஆக, இருவருக்கும் அடுத்தவள் நிலம் வேண்டும். ஒரு இலையுதிர்காலத்தில் காபி மேசையில் பேச்சு வந்தது. பெண்கள் பேசினார்கள். நெஸ்டர் "ம்" என்றான். ஆர்விட் கொஞ்ச நேரம் கழித்து "ம்" என்றான். பின்லாந்துக்காரர்களுக்கு அது நீண்ட விவாதம். வீடு அப்படியே இருக்க, நிலம் மாறியது.

முதல் வருடம் சைமா மேட்டில் பட்டாணி விதைத்துவிட்டு, வெள்ளை ஏப்ரன் வாங்கினாள். ஆனால் பள்ளத்து வயல் அவளுடைய அடுப்படி ஜன்னலுக்கு நேரே. பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஹில்யாவின் மாடுகள் தன் பழைய புல்லில் கொழுப்பதைப் பார்த்தாக வேண்டும். அந்த வருடம் அவள் வீட்டில் உடைந்த கோப்பைகள் அதிகம்.

இரண்டாம் வருடம் கொத்தனார் வந்தார்.

கல் வழக்கு அந்தச் சனிக்கிழமை சவுனாவில் தீர்ந்தது. அண்ணன் தம்பி இருவரும் வாய் திறப்பது அந்த நீராவி அறையில்தான். உடுப்போடு சேர்த்து மௌனத்தையும் வெளியே கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களோடு மேல்படியில் வெந்துகொண்டிருந்ததால் எனக்கு விவரம் தெரியும். பொறுக்கியவளுக்கே கல் என்று ஆர்விட் விட்டுக்கொடுத்தான். ஆனால் நிலம் இப்போது என்னுடையது, நடுக்கோடைத் திருநாளுக்குள் குவியலை என் வயலைவிட்டு எடுத்துவிட வேண்டும் என்றான். நெஸ்டர், குளிர்காலத்தில் மண் உறைந்த பிறகு பனியில் இழுத்தால் எளிது என்று சொல்லிப் பார்த்தான். ஆர்விட்டுக்கும் சம்மதம்தான். சைமாவுக்கு இல்லை. குளிர்காலத்தில் கொத்தனார் எங்கே, கணப்புச் சுவர் எங்கே, லூலி எங்கே?

திங்கட்கிழமையே தொடங்கினாள். மே மாதத்தில், அந்த வயலில். நாங்கள் எல்லோரும் வேறு வேலை இருப்பது போல வெளியே வந்து நின்று பார்த்தோம். பொல்லே என்ற அவர்கள் குதிரை மூன்று தலைமுறைக்கும் பொறுமை உள்ளது. அதுவே இரண்டாவது நடையில் நின்று திரும்பிப் பார்த்தது. சறுக்குப் பலகை கல்லின் கனத்தில் புல்லைக் கிழித்துக்கொண்டு கலப்பை மாதிரி இறங்கியது. போன வழியெல்லாம் முழ ஆழத்துக்குப் பள்ளம், பள்ளத்தில் உடனே தண்ணீர். லூலி முழங்கால் வரை சேற்றில் நின்று, பலகைக்கு அடியில் கட்டை கொடுத்து நெம்பினாள். சைமா முன்னால் நின்று கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதிரைக்கும் மகளுக்கும் ஒரே குரலில் கட்டளை போட்டாள்.

ஹில்யா வேலியோரம் வந்து, "அக்கா, என் புல்லு" என்றாள்.

"உன் புல்லத் தொடவே இல்ல. என் கல்லு போற வழில அது நிக்குது" என்றாள் சைமா.

அந்த வாரம் முழுக்க இழுத்து, குவியல் சைமாவின் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. அடுப்படி ஜன்னலை ஒட்டிக் குவித்தாள், கொத்தனார் கல் பார்க்கும்போது உள்ளேயிருந்து காபி வாசனை போக வேண்டும் என்று. பொல்லே அதற்குப் பிறகு சறுக்குப் பலகையைக் கண்டாலே லாயத்துக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கும்.

கொத்தனாருக்கு அழைப்பு போனது. சைமா இரண்டு விதக் கேக், ஏலக்காய் ரொட்டி, உப்பிட்ட மீன் எல்லாம் வைத்தாள். லூலிக்கு நீல உடை, கழுத்தில் பாசி. அவள் அதில் அளவு தப்பிய உறைக்குள் திணித்த தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் ஈஸ்ட் கடன் கேட்கப் போயிருந்தேன். என் வீட்டில் ஈஸ்ட் இருந்தது, அது வேறு விஷயம்.

சைமாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான், லூலிதான் சொல்லவேண்டும்.

"ரொட்டி நீதான் சுட்டேன்னு சொல்லு" என்றாள் சைமா, புன்னகை மாறாமல்.

"அம்மா சுட்டது" என்றாள் லூலி அவரிடம்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அடுத்து முற்றத்துக்குப் போனோம். சைமா தன் குவியலின் முன் நின்று, மகாராணி மாதிரி கையை நீட்டினாள். "இதுல ஒரு கல்லுகூட பச்சைக் கல்லு இல்லன்னு சொல்லு. எல்லாம் நெருப்புல பொழைச்சது. வருஷா வருஷம் மேல கொளுத்தியிருக்கேன். கணப்புக்கு இதவிட என்ன வேணும்?"

இந்தத் தப்பை எங்கள் ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள். சவுனா அடுப்பில் அடுக்கக் கல் தேடும்போது நாங்கள் முதலில் அதை நெருப்பில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். வெடித்தது போகட்டும், பிழைத்தது நல்ல கல். அதனால் நெருப்பு கண்ட கல் என்றால் எங்களுக்கு ஒரு மரியாதை. ஆனால் அதே சவுனாக் கல்லைச் சில வருடத்துக்கு ஒருமுறை வெளியே வீசி எறிகிறோமே, ஏன்? வெந்து வெந்து உள்ளே உளுத்துப்போவதால்தான். ஒரு தடவை பிழைத்தது பலம். வருடா வருடம் பிழைத்தது கிழடு. இது சைமாவுக்குத் தெரியாததல்ல. ஹில்யாவிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டு வரும் வேகத்தில் எதுதான் ஞாபகம் இருக்கும்?

ஜோரி சின்னச் சுத்தியலை எடுத்தார். ஒரு கல்லைத் தட்டினார். தொப்பென்று சத்தம். இன்னொன்று. அதுவும் தொப். மூன்றாவதில் ஒரு மூலை உதிர்ந்து அவர் பூட்ஸ் மேல் விழுந்தது. உள்ளே மணல் கட்டி மாதிரி இருந்தது. வெளியே கரி. அவர் நல்ல மனுஷன்; குவியலைச் சுற்றிவந்து, அடியில் இருந்த கல்லையெல்லாம்கூடத் தட்டிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு லூலியிடம் மெதுவாகச் சொன்னார். "உங்க அம்மாகிட்ட நோகாமச் சொல்லுங்க. நல்ல கல்லு மணி மாதிரி கேக்கணும். இது ரொட்டி மாதிரி கேக்குது."

லூலி அம்மாவிடம் திரும்பினாள். "வேணாமாம்."

"ஏனாம்?"

"நாம கொளுத்தினதாலதான்."

சைமாவின் முகத்தில் நான் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. எனக்கும் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஆனால் அந்த ஈஸ்ட்டைக் கேட்காமலே திரும்பி வந்தேன் என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

இனிதான் வேடிக்கை. ஜோரி வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்தவர், பள்ளத்து வயலுக்கு நேரே வந்ததும் நிறுத்திவிட்டார். வயலைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு சைமாவின் சறுக்குப் பலகை போட்ட பள்ளங்கள் கிடந்தன. அடியிலிருந்து கசிந்த நீர் அவற்றில் தேங்கி, மண்ணைக் கழுவிக் கழுவி, பக்கவாட்டில் புதைந்திருந்த கற்களைத் துடைத்து வைத்திருந்தது. சிவப்பு, பச்சை கலந்த கறுப்பு, வெள்ளை வரி ஓடியது, புள்ளி போட்டது. ஒவ்வொன்றும் ஈரத்தில் பளபளத்தது. அவர் வேலியைத் தாண்டி இறங்கி ஒன்றைத் தட்டினார். என் வீட்டு வாசல்வரை கணீரென்று கேட்டது. சைமாவின் ஜன்னலுக்கும் கேட்டிருக்கும்.

அது ஹில்யாவின் நிலம். புதைந்து கிடந்த கல் ஹில்யாவின் கல். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஹில்யா வந்தாள், சரி என்றாள், சாப்பாட்டு நேரத்தையும் சொன்னாள்.

மறுநாள் காலை அவர் கடப்பாரையோடு வயலில் நின்றார். குத்திய இடமெல்லாம் தண்ணீர்தான் வந்தது. ஹில்யா தங்கையை அனுப்பினாள், வெள்ளைக் காலுறையும் மெல்லிய செருப்புமாக. இம்பி பத்தடி போனாள். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அதை எடுக்கக் குனிந்தபோது இன்னொன்றும் போய்விட்டது. அவள் அழுதுகொண்டே வெறுங்காலோடு திரும்பிப் போனதை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

பிறகு லூலி வந்தாள். நீல உடை இல்லை; அப்பாவின் பூட்ஸ், பழைய கால்சட்டை. யாரும் கூப்பிடவில்லை. அவர் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி நாலைந்து இடத்தில் குத்தி, கையில் வரும் அதிர்வைக் கேட்டுவிட்டு, ஒரு இடத்தில் நிறுத்தினாள். "இங்க தோண்டுங்க" என்றாள். சின்ன வயதிலிருந்து குனிந்து கிடந்த வயல். எங்கே கல் கூட்டமாக ஏறுகிறது, எங்கே வெறும் மணல் என்று அவள் முதுகுக்குத் தெரியும். அவர் நெம்பினார், அவள் தூக்கினாள். கல் மேலே வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் அதைத் தட்ட, அது மணி மாதிரி கேட்டதும் லூலி சிரித்தாள். லூலி சிரித்து நான் பார்த்தது அதற்கு முன்பு எப்போது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவருக்கும் ஞாபகமில்லை.

சைமா ஜன்னலில் இருந்து பார்த்தாள். அந்த ஜன்னலில் இப்போது பாதி தன் கற்குவியல்தான் தெரியும். மீதியைப் பார்க்க நாற்காலி போட்டு ஏறவேண்டும். ஏறினாள். மகள் கொத்தனாரோடு நிற்கிறாள் என்று முதலில் சந்தோஷம். மதியம் மணி அடித்ததும் இருவரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஹில்யாவின் வீட்டுக்குள் சாப்பிடப் போனதைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் நாற்காலியோடு சேர்ந்து ஆடியது.

அன்று சாயங்காலம் மகளைப் பிடித்துக்கொண்டாள். நான் அவர்கள் முற்றத்து வழியாகக் கோழியைத் தேடிப் போனபோது கதவு திறந்திருந்தது.

"அவ கையாலதான் சாப்பிடணுமா? நம்ம வீட்ல சோத்துக்குப் பஞ்சமா?"

"வேலை அங்க நடக்குது அம்மா."

"வேலைய விடு. சாயங்காலம் இங்க கூட்டிட்டு வா. அந்த நீல உடுப்பப் போட்டுக்கோ. காபி நீ ஊத்து."

லூலி பூட்ஸிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அவர் என்னைய முதல்ல பாத்தது அந்த உடுப்புல. அப்ப அவர் பாத்ததெல்லாம் கல்லத்தான்."

அடுத்த பூட்ஸை எடுத்துச் சுரண்டத் தொடங்கினாள். கோழியும் கிடைத்துவிட்டது.

நடுக்கோடைத் திருநாள் வந்தது. ஏரிக்கரையில் நெருப்பு மூட்டினோம். எல்லோரும் பார்க்க ஜோரி, மாட்டிறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட தன் ஊர்ப் பேஸ்டியை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை லூலியிடம் கொடுத்தார். கார்ன்வால்காரர்கள் பேஸ்டியில் பாதி கொடுப்பது சாதாரண விஷயமல்ல, அதுவும் பெரிய பாதி. ஹில்யா அதைப் பார்த்தாள். இம்பியைத் திரும்பிப் பார்த்தாள். இம்பி டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஏதோ ஒரு கடிதத்தைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த மனுஷனின் பைப் புகை நாற்றம் பிடிக்கவில்லையாம். யாருமே அவளைக் கேட்கவில்லை.

தங்கைக்கு இல்லையென்று ஆனதும் ஹில்யா ஒரே இரவில் கட்சி மாறினாள். மறுநாளே சாலை முழுக்க, என் மேசையில்தான் இந்தச் சம்பந்தம் நடந்தது, ரெண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். தொலைபேசியிலும் சொன்னாள். சைமா தற்செயலாக எடுத்திருந்தாள்.

அரைமணி நேரத்தில் இருவரும் வேலியோரம். நான் துணி எடுக்க வெளியே வந்தேன். அன்று துணி காயப்போட்டிருக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"பொண்ணப் பெத்தவ நான். கல்யாணக் காபி என் வீட்லதான்" என்றாள் சைமா.

"காபி உங்க வீட்லயே நடக்கட்டும் அக்கா. பொண்ணு உங்களோடதுதான், யாரு இல்லன்னா?" ஹில்யா ஏப்ரனின் மடிப்பைச் சரிசெய்தாள். "ஆனா மாப்பிள்ளை என் நெலத்துல கெடைச்சவரு. நெலத்துல கெடைக்கிறது நெலத்தோட சேர்ந்தது."

சைமா வயலைக் கிழித்த பள்ளங்களைக் கை நீட்டிக் காட்டினாள். "அந்தப் பள்ளம் போட்டது என் குதிரை" என்றாள்.

"ஆமா" என்றாள் ஹில்யா. "அதுக்கு என்ன வேணும்னு கேளுங்க, குடுத்துடறேன்."

அறுவடை முடிந்ததும் கல்யாணம். எங்கள் லுத்தரன் கோயிலா அவருடைய மெதடிஸ்ட் கோயிலா என்று இரண்டு ஞாயிறு இழுபறி. லூலி நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கோயில் போதும் என்று முடித்துவிட்டாள். காபி சைமா வீட்டில். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் ஹில்யா கொண்டுவந்த கேக்கைத்தான் முதலில் வெட்டினார்கள். அந்தக் கேக்கின் செய்முறையை அவள் எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. எனக்கும் வருத்தம்தான்.

சிகாகோக்காரரின் கணப்புச் சுவர் முடிந்ததும் ஜோரியும் லூலியும் மார்கெட் என்ற டவுனுக்குக் குடிபோனார்கள். அங்கே அவர் கட்டிய சொந்த வீட்டின் கணப்புக்கும் பள்ளத்து வயல் கல்தான். லூலி போய்வரும் வண்டியில் ஒவ்வொன்றாகச் சித்தியிடம் கேட்டு வாங்கிப் போனாள். சைமா முதல்முறை மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, வீடு எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. எங்க திரும்பினாலும் ஹில்யாதான் தெரியுறா" என்றாள்.

இம்பி டெட்ராய்ட்டுக்குப் போய் மறுபடியும் தொப்பிக் கடையில் சேர்ந்தாள். டிராம் ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி. அடுத்த மே மாதம் சைமா, நிலத்தைப் பழையபடி மாற்றிக்கொள்ளலாமா என்று நெஸ்டரிடம் கேட்டாள். அவன் "ம்" என்றுகூடச் சொல்லாமல் எழுந்து லாயத்துக்குப் போய்விட்டான். பொல்லே ஏற்கெனவே அங்கேதான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.